ஆணி இல்லாத பலாமரம்

கையால் டிரம் செய்கிற தொழிலில், கடைசித் துளையைப் போட்டு முடிக்கும்வரை உங்கள் முன்னால் இருப்பது டிரம் இல்லை. எப்போது வேண்டுமானாலும் விறகாகிவிடக்கூடிய ஒரு மரவளையம்தான். சுவரில் படம் மாட்டப் போய், பூச்சு உதிருமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கு இருந்தால் நீங்களும் என் கட்சி. அந்தப் பயத்தையே பிழைப்பாக வைத்துக்கொண்டவன் நான்.

பழனிசெட்டிபட்டியில் என் பட்டறை. பள்ளிக்கூட பேண்டுக்கும் கோயில் பேண்டுக்கும் சைட் டிரம் செய்கிறேன். தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு குச்சியால் அடிப்பார்களே, அடியில் சுருள்கம்பிகள் அதிர்ந்து ‘கிர்ர்’ என்று கேட்குமே, அதுதான். நான் செய்ததிலேயே என்னை அதிகம் நடுங்க வைத்தது ஒரு பலாமரத்து டிரம். அதைத் துண்டு துண்டாகச் சொல்கிறேன். அது என்னிடம் வந்ததும் துண்டாகத்தான்.

அடுப்புக்குத் தப்பியது

உத்தமபாளையம் தாண்டி உள்ளே ஒரு ஊர். அங்கே மாதா கோயில் முற்றத்தில் நின்ற பலாமரம் ஆடிக் காற்றில் சாய்ந்துவிட்டது. தண்டில் ஒரு துண்டைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு மிக்கேல் என்பவர் வந்து இறங்கினார். மைக்செட் வைத்திருப்பவர். அந்தக் கோயில் திருவிழாவுக்கு வருடா வருடம் ஒலிபெருக்கியும் சீரியல் விளக்கும் அவருடையவைதான். அவருடைய மகள் அருள்மேரி, பள்ளிக்கூட டீச்சர், கோயில் பேண்டில் சைட் டிரம் வாசிப்பவர். மகளுக்குக் கோயில் மரத்திலேயே ஒரு டிரம் வேண்டுமாம்.

அந்தத் துண்டை மிக்கேலுக்குச் சும்மா கொடுத்துவிடவில்லை. ஊர்க்கூட்டத்தில் தலைவர் சூசைமாணிக்கம் நிபந்தனை போட்டிருந்தார். வரும் திருவிழாவில் அந்த மரம் டிரம்மாகிச் சப்பரத்துக்கு முன்னால் போகவேண்டும். போகாவிட்டால் கோயில் மைக்செட் இனிமேல் வெளியூர்க்காரருக்கு. மிச்ச மரம் முழுவதும் கோயில் விருந்துக்கு அடுப்பெரிக்க என்று பிளந்து அடுக்கியாகிவிட்டது. அதாவது, என் கையில் இது கெட்டால் மாற்றுக்கு ஒரு குச்சிகூடக் கிடையாது. மிக்கேலின் பிழைப்பும் அதோடு போகும்.

மரத்தைத் தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டியதைக் கேட்டேன்: உள்ளே ஆணி இருக்கிறதா? மிக்கேல் வண்டிக்காரரைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “கோயில் மரத்துல எவன் தம்பி ஆணி அடிப்பான்?”

காந்தம் சாய்ந்தது

ஆணி என்றால் ஏன் அவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். டிரம்முக்கான மரவளையத்தை லேத்தில் மாட்டிச் சுழலவிட்டு, உளியைக் கையால் பிடித்துச் சீவுவோம். அந்த வேகத்தில் உளிமுனை இரும்பில் மோதினால் உளி எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாய்கிற பக்கங்களில் நம் முகமும் ஒன்று.

என்னோடு வேலை செய்கிற முத்துப்பாண்டி, கடமலைக்குண்டுக்காரர், ஒரு யோசனை செய்தார். மிக்கேலிடமே போன் போட்டு, கெட்டுப்போன குழாய் ஸ்பீக்கரின் காந்தம் ஒன்று வேண்டும் என்றார். எதற்கென்று சொல்லவில்லை. மிக்கேலும் சந்தோஷமாகக் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு மரத்தை ஒட்டி மெதுவாக நகர்த்தினோம். நேராகத் தொங்கிய காந்தம் ஓர் இடத்தில் மரத்தின் பக்கம் சாய்ந்து அப்படியே ஒட்டிக்கொண்டது. உளியால் தோண்டியதும் மெல்லிய கம்பி ஆணி ஒன்று வந்தது. அதில் சீரியல் விளக்கின் பச்சை வயர் இன்னும் முறுக்கியபடி இருந்தது.

மிக்கேல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த ஆணி வந்தபோது, “அது அன்னைக்கு மழை தம்பி. சப்பரம் கெளம்பிருச்சு. லைட்ட எங்கன கட்டுறது, நீங்களே சொல்லுங்க” என்றார். அதற்கடுத்தது வந்ததும் குரல் இறங்கிப்போயிற்று. மரம் சாய்ந்ததற்கே அவருடைய ஆணிகள்தான் காரணம் என்று சூசைமாணிக்கம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். உள்ளே ஆணி இருந்தது வெளியே தெரிந்தால் அது நிஜமாகிவிடும் என்று பயந்திருக்கிறார். அந்த மனிதரின் பயத்துக்காகத்தான் என் முகம் லேத்துக்கு முன்னால் நின்றிருக்கும். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் திட்டுவதற்குப் பதிலாக, எவ்வளவு உயரம்வரை அடித்தார் என்று மட்டும் கேட்டேன். ஸ்டூலில் ஏறிக் கை எட்டுகிற உயரம்வரைதான் அடித்ததாகச் சொன்னார். அந்த உயரம்வரை காந்தத்தை நகர்த்திவிட்டு நிறுத்தினோம். அதற்கு மேலே கட்டாயம் ஒன்றும் இல்லையா என்று முத்துப்பாண்டி மறுபடியும் கேட்டார். “சத்தியமா இல்ல. ஏணியில ஏறுனா எனக்குத் தலை சுத்தும்ப்பா.”

டியூப் கட்டு

பலகையாக அறுத்து, இடையில் குச்சி கொடுத்து அடுக்கி, நிழலில் காயவைத்தோம். தேனிக் காற்று மரத்தை வேகமாக உலர்த்தும். வேகமாக உலர்கிற மரம் வெடிக்கும். காலையில் பட்டறையைத் திறந்ததும் விளக்கைப் போடுவதற்கு முன்பே பலகைகளின் முனைகளை விரலால் தடவிப் பார்ப்பேன். விரல் எங்காவது சிக்கினால் நெஞ்சு நின்று போகும். பெரும்பாலும் அது என் நகமாக இருக்கும்.

காய்ந்த பலகையைச் சிறு பட்டைகளாக்கி, ஓரங்களைச் சாய்வாகச் சீவி, பசை தடவி, பீப்பாய் மாதிரி வட்டமாக நிறுத்தி, சைக்கிள் டியூபால் இறுக்கிச் சுற்றுவதுதான் என் முறை. பசை பிடிப்பதற்குள் எல்லாப் பட்டையும் உட்கார்ந்துவிட வேண்டும். ஒன்று வழுக்கினால் எல்லாம் சரியும். நானும் முத்துப்பாண்டியும் எதிரெதிராக நின்று டியூபை இழுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துத்தான் அருள்மேரி டீச்சர் முதல் தடவையாகப் பட்டறைக்கு வந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற எங்கள் இருவரையும், நடுவில் கறுப்பு டியூபில் மூச்சுமுட்டிக் கிடந்த தன் டிரம்மையும் மாறி மாறிப் பார்த்தார். “நான் இங்கன நிக்கலாமாண்ணே, இல்ல ஒரு ஜெபம் சொல்லிட்டு வெளிய போயிரவா?”

லேத்தில் நெருப்பு

பசை இறுகியது. வளையத்தை லேத்தில் மாட்டினேன். பிளாஸ்டிக் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு உளியை வைத்தேன். பலாமரம் சீவும்போது மஞ்சள் சுருளாக வரும். மஞ்சள் கிழங்கு அரைத்த மாதிரி தூள் கையில் ஒட்டும். மேல்பரப்பு வழவழவென்று வரத் தொடங்கியது. பயம் கொஞ்சம் விலகி, விசிலடிக்கக்கூட ஆரம்பித்தேன் என்று முத்துப்பாண்டி பிறகு சொன்னார்.

‘டங்’ என்று ஒரு சத்தம். கண்ணுக்கு முன்னால் நெருப்புப் பொறி. உளி என் கையை உதறிவிட்டுப் போயிற்று. அதன் முனை உடைந்து பறந்து சுவரில் இருந்த காலண்டரில் குத்தி நின்றது. முத்துப்பாண்டி ஓடிவந்து மெயினை அணைத்தார். முகக்கவசத்தைக் கழற்றிப் பார்த்தேன். நெற்றிக்கு நேராக நீளமாக ஒரு கீறல். அப்படியே தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே நான் முதலில் தேடியது வளையத்தைத்தான். அது உடையவில்லை.

உள்ளே இருந்தது கம்பி ஆணி இல்லை. பேனா கனத்தில் குட்டையான ஒரு கொக்கி, முனையில் திருகுப் பல். ஒரே பலகைக்குள் முழுதாகப் படுத்திருந்ததால் ரம்பத்துக்கும் தப்பிவிட்டது. மரம் வளர்ந்து அதை எப்போதோ விழுங்கி மூடியிருக்கிறது. போன் போட்டதும் மிக்கேல் பஸ் பிடித்து வந்தார். கொக்கியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது தன்னுடையது இல்லை என்றார். நான் நம்பவில்லை. காந்தம் வருவதற்கு முன்னால் ‘எவன் ஆணி அடிப்பான்’ என்று அவர் கேட்டது என் காதிலேயே இருந்தது. முத்துப்பாண்டி இன்னும் ஒருபடி மேலே போனார். “அதானண்ணே, வெதைக்குள்ளயே கொக்கி இருந்திருக்கும், மரம் அதைச் சுத்தி மொளைச்சிருக்கும்.”

கறை

கொக்கி இருந்த குழியைச் சுற்றி மை கொட்டிய மாதிரி கறுப்பு. பலாமரத்தில் இரும்பு பட்டால் அப்படித்தான் ஆகும். குழியை அதே மரத்தின் சிறு துண்டால் அடைத்துச் சமன் செய்தேன். கறுப்பு மட்டும் போகவில்லை. மஞ்சள் வளையத்தில் அது ஒரு கண் மாதிரி முழித்துக்கொண்டிருந்தது.

மிக்கேல் கெஞ்சினார். மொத்தத்துக்கும் கறுப்பு பெயிண்ட் அடித்துவிடச் சொன்னார். சூசைமாணிக்கம் கண்ணில் அந்தக் கறை பட்டால் டிரம் வந்தும் பயனில்லை, மைக்செட் போய்விடும் என்றார். எனக்கு இன்னொரு வழி தெரியும். தோலை இறுக்கும் இரும்புப் பிடிகளில் ஒன்று கறைக்கு மேல் வருகிற மாதிரி துளைகளை நகர்த்திக் குறிக்கலாம். குறித்தும் பார்த்தேன். ஆனால் அடைத்த குழியில் துளை போட்டால், முறுக்கும்போது அங்கேயே பிளக்கும். டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் குறியைப் பார்த்தபடி நின்றேன். விரல் பொத்தானை அமுக்க மறுத்தது. கடைசியில் குறிகளை அழித்து, கறையை விட்டு விலகி மறுபடி குறித்தேன்.

பெயிண்ட் விஷயத்தை டீச்சரிடம் விட்டேன். அவர் வளையத்தை விரல்முட்டியால் தட்டிக் கேட்டார், கறைக்குப் பக்கத்தில் ஒரு தடவை, எதிர்ப்பக்கம் ஒரு தடவை. பிறகு அப்பாவைப் பார்த்தார். “பொம்பளை டிரம் அடிக்கிறாண்டு என்னயப் பேசாத வாயா அங்கன இருக்கு? இதையும் பேசட்டும்ப்பா, பெயிண்டு வேணாம்.”

முறுக்கு

தோலைப் போட்டு, அதன்மேல் இரும்பு வளையத்தை மாட்டி, திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். பாதியில் மரத்துக்குள்ளிருந்து ‘க்ரக்’ என்று வந்தது. நிறுத்தினேன். கறையைப் பார்த்தேன், கோடு எதுவும் ஓடவில்லை. மறுபடி ஒரு கால் திருகு. மறுபடி ‘க்ரக்’. திரும்பிப் பார்த்தால் முத்துப்பாண்டி வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். “நீங்க முறுக்குங்கண்ணே, எனக்கு இங்கன நின்னாலே நல்லாக் கேக்குது.”

மைக் டெஸ்டிங்

திருவிழாவன்று சாயங்காலம் நானும் போயிருந்தேன். தான் செய்த டிரம்மின் முதல் அடியைக் கேட்கப் போகிறவனுக்கும், பரீட்சை முடிவைப் பார்க்கப் போகிற பிள்ளைக்கும் வித்தியாசமில்லை. சட்டைப் பையில் கைக்குட்டையோடு அந்தக் கொக்கியும் இருந்தது. ஏன் எடுத்துப் போனேன் என்று எனக்கே தெரியாது.

சப்பரம் தயாராக நின்றது. அருள்மேரி டீச்சர் டிரம்மைத் தோளில் மாட்டியிருந்தார். சத்தம் பார்ப்பதற்காக மிக்கேல் அதன் முன்னால் ஒரு மைக்கை நிறுத்திவிட்டு, தூரத்தில் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் நின்றார். அப்போது சூசைமாணிக்கம் வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் டிரம்மைச் சுற்றி வந்து, கறைக்கு நேராகக் குனிந்து, கட்டைவிரலால் தேய்த்தார். “என்ன இது?” என்று என்னைக் கேட்டார். மிக்கேலைப் பார்த்தேன், அவர் ஆம்ப்ளிஃபயர் பக்கம் குனிந்துகொண்டார். வேறு வழி தெரியாமல் கொக்கியை எடுத்துத் தலைவர் உள்ளங்கையில் வைத்தேன்.

அவர் அதைக் கண்ணருகே கொண்டுபோனார். திருகுப் பல்லை நகத்தால் சுரண்டினார். பிறகு தனக்குள் சொல்லிக்கொள்வது போல மெல்ல முனகினார்: “அட, நம்ம திருவிழாக் கொடிக்கயித்துக் கொக்கியில்ல இது... நான்தேன ஏணி போட்டு ஏறி முறுக்குனேன்...” மைக் அவர் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கோயில் உச்சியிலும் தெருமுனைகளிலும் கட்டியிருந்த அத்தனை குழாய் ஸ்பீக்கர்களும் அந்த முனகலை வாங்கி ஊருக்கு ஒப்பித்தன. கடைசியாக ஒலித்தது ‘முறுக்குனேன்... முறுக்குனேன்...’ என்ற எதிரொலி. சூசைமாணிக்கம் நிமிரவே இல்லை. கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தூரத்திலிருந்து மிக்கேலின் குரல் மட்டும் நிதானமாக வந்தது: “மைக்கு நல்லா எடுக்குது தலைவரே, கொஞ்சம் தள்ளி நின்னீகன்னா டிரம்மையும் பாத்துருவோம்.”

இப்போதும் அந்தக் கோயிலில் மைக்செட் மிக்கேல்தான், டிரம் அருள்மேரி டீச்சர்தான். நான் மட்டும், யார் எவ்வளவு சத்தியம் செய்து மரம் கொடுத்தாலும், அந்த ஊரில் யார் யாரிடம் ஏணி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் ரம்பத்தை எடுக்கிறேன்.