கால் என்று எழுதியிருந்தது

அடியார்களே, மாரிமுத்துவின் மூன்றாவது அப்பீலும் தள்ளுபடியான வெள்ளிக்கிழமை நான் பஜனைக்கு வரவில்லை. எந்த முகத்தோடு வருவது?

மாரிமுத்து சீனாவுக்குக் கப்பலேறிய பட்டாளத்துச் சிப்பாய். முழங்காலுக்குக் கீழே இடது காலை இழந்து கல்கத்தாவில் வந்து இறங்கியவன். ஹவுராவில் ஒரு குடிசை, மனைவி, இரண்டு பெண்கள். அவனுக்குக் கிடைத்ததோ கால் பங்கு ஊனத்துக்கான பென்ஷன். கஞ்சிக்கே போதாது. அந்தப் பென்ஷன் ஆபீசில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த விதி எந்தப் பக்கம் என்று தூக்கத்திலும் சொல்வேன். மூன்று அப்பீலையும் விதிகளைக் காட்டி நானே எழுதினேன். மூன்றும் தோற்றன. இனி ஒன்றுதான் பாக்கி. அதற்கு மேல் கதவு கிடையாது.

"விதியெல்லாம் எனக்குத் தெரியாதுங்க ஐயா. முருகனைக் கேட்டீங்களா?" என்றாள் அவன் மனைவி.

கேட்கவில்லை. முருகனுக்கு மனுப் போட ஃபாரம் கிடையாதே என்று இருந்துவிட்டேன். அன்று சாயங்காலம் படத்தின் முன் உட்கார்ந்து, "வழி காட்டு" என்று மட்டும் கேட்டேன். அழுதேன்.

துர்கா பூஜை விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்த காலை திடீரென்று தோன்றியது: உத்தரவுகளைப் பார்த்தேன், அவன் முதலில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்தேனா? ஆபீசுக்குப் போனேன். என்னிடம் வேலை பழகிய ஹரி பாபு அவனுடைய காகிதக் கட்டை எடுத்து வந்தார். டாக்டர் சர்டிபிகேட் கப்பலிலேயே தொலைந்துவிட்டதாம். சிப்பாயின் தமிழ் வாக்குமூலத்தை வைத்தே முடிவு செய்திருக்கிறார்கள். "எனக்குக் கால் ஊனம்" என்று இருந்தது. பக்கத்தில் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு: நான்கில் ஒரு பங்கு ஊனம்.

"மொஷாய், ஐயா, இது உங்கள் எழுத்தல்லவா?" என்றார் ஹரி பாபு மெல்ல.

என் எழுத்துதான். கீழே என் ஒப்பம். ஒரே நாளில் எத்தனை மனு முடித்தேன் என்று பெருமையடித்த காலம் அது. தமிழன் நான், ஒருவனுடைய காலைப் பின்னமாகப் படித்திருக்கிறேன்.

"ஒப்புக்கொண்டால் உங்கள் பென்ஷனுக்கே ஆபத்து" என்றார் அவர்.

அன்றும் முருகனைக் கேட்டேன், தைரியத்துக்காக. கடைசி அப்பீலை நாலே வரியில் எழுதினேன். ஒரு விதியைக்கூடக் காட்டவில்லை. தவறு என்னுடையது என்று மட்டும் சொன்னேன்.

தை மாதம் உத்தரவு வந்தது. முழுப் பென்ஷன். என் பென்ஷனில் யாரும் கை வைக்கவில்லை.

மாரிமுத்துவிடம் உண்மையைச் சொன்னேன். "கால்னா கால்தானுங்களே ஐயா" என்றான். பிறகு, "கடைசியிலாவது படிச்சீங்களே."

இப்போது சனிக்கிழமைதோறும் மனு எழுதிக் கொடுக்க ஹவுராவுக்குப் படகேறுகிறேன். எழுதும் ஒவ்வொரு மனுவையும், அதைக் கொடுத்தவருக்கே வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறேன்.

முருகனைக் கூசாமல் கேளுங்கள். பதில் நிச்சயம் வரும். எனக்கு அது என் கையெழுத்திலேயே வந்தது.