முன்கூட்டியே வந்த நன்றியுரை

அமெரிக்காவில், கேட்டி என்னும் ஊரில், எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே தலைவர். பொங்கல் விழாவில், சாப்பாட்டுக்குச் சற்று முன்பு, ஒருவர் அவர் பெயரை முன்மொழிவார். பசியில் எல்லோரும் கைதட்டுவார்கள். தேர்வு முடிந்தது.

சங்கத்தின் மாத இதழை நான்தான் தயாரித்தேன். மதுரையில் செய்தித்தாள் ஒன்றில் உதவி ஆசிரியராக இருந்தவன் என்பதால் அது என் தலையில் விழுந்தது. விழாவன்றே இதழைக் கொடுக்க வேண்டும். எனவே ‘ஏகமனதாகத் தேர்வு’ என்ற செய்தியும் தலைவரின் நன்றியுரையும் ஒரு வாரம் முன்பே அச்சுக்குப் போய்விடும். நடக்காததை எழுதியும் ஒருமுறைகூடத் திருத்தம் போட நேர்ந்ததில்லை.

இந்த ஆண்டு பல் மருத்துவர் ஒருவர் எதிர்த்து நின்றார். நாற்பது வயதுப் பெண்மணி. வாக்குச்சீட்டும் பெட்டியும் வந்தன. சர்வாதிகாரி போன பிறகு பத்திரிகைகள் எப்படித் திணறின என்ற வெளிநாட்டுச் செய்திகளை மதுரையில் இருந்தபோது சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்திருக்கிறேன். இப்போது என் முறை.

தலைவரிடமிருந்து நன்றியுரை வழக்கம்போல வந்தது. தொலைபேசியில் அழைத்தேன்.

“அண்ணே, வோட்டிங் அடுத்த சண்டேதானே?”

“அதுக்கென்னப்பா? நீ லேஅவுட் பண்ணி வை.”

“தோத்துட்டா?”

“பன்னெண்டு வருஷத்துல எப்பவாச்சும் தோத்திருக்கேனா?”

எதிராளி இல்லாமல் தோற்பது கடினம்.

“ஒரு வார்த்தை வெட்டாமப் போடு. முடியாதுன்னா சொல்லு, மேகசினுக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்.”

ஒரு வார்த்தையும் வெட்டவில்லை. இருவருக்கும் ஆளுக்கு அரைப் பக்கம் ஒதுக்கினேன். மருத்துவரின் பகுதியில் அவருடைய வாக்குறுதிகள். தலைவரின் பகுதியில் நன்றியுரை. அதன் கீழே ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: ‘வாக்குப்பதிவுக்கு ஏழு நாள் முன்பு கிடைத்தது.’

விழாவன்று சாம்பார் வரிசையில் நின்றபடியே படித்துச் சிரித்தார்கள். பிறகு வாக்களித்தார்கள். தலைவர் இருபத்தொரு வாக்கு வித்தியாசத்தில் தோற்றார்.

புதிய தலைவர் தட்டோடு என்னிடம் வந்தார்.

“கலக்கிட்டீங்க அங்கிள். நெக்ஸ்ட் இஷ்யூல இருந்து பிரிண்டுக்கு முன்னாடி எனக்கு ஒருதடவை ஃபார்வர்ட் பண்ணிடுங்க. சும்மா ஒரு லுக்.”

“எல்லாத்தையுமா டாக்டர்?”

“சேச்சே. என்னைப் பத்தி வர்றத மட்டும்.”

“பழைய தலைவர்கூட இப்படிக் கேட்டதில்லையே” என்றேன். பொய்யில்லை. அவர் எழுதியே அனுப்பிவிடுவார்.

அனுப்ப மாட்டேன் என்றும் சொன்னேன். சிரித்துக்கொண்டே பாயசத்தின் பக்கம் நகர்ந்தார்.

மறுநாள் வாட்ஸ்அப்பில் புதிய தலைவரின் அறிவிப்பு வந்தது. இதழை ஜனநாயக முறையில் நடத்த ஆசிரியர் குழு அமைக்கப்பட்டிருக்கிறது. மொத்தம் ஐந்து பேர்; பெரும்பான்மை முடிவே இறுதி. நானும் ஒருவன்.