ஐசி இல்லாமல் ஒரு கடற்குளிப்பு

எங்கள் வீட்டு வாசற்படலையைத் தாண்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"ஐசி எடுத்தனியோ பிள்ளை?"

"ஓம்" என்றால் அப்பாவுக்குப் போதாது. அடையாள அட்டையை எடுத்துக் காட்ட வேண்டும். ஓர்ஸ் ஹில் சந்தியில் பாண் வாங்கப் போனாலும் இதே கதைதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போர் முடிந்தபோது நான் கைக்குழந்தை. என் அட்டையை இதுவரை கேட்டவர்கள் இரண்டே பேர்: பரீட்சை மண்டபத்தில் ஒருவர், சிம் விற்ற கடையில் ஒருவர். பள்ளிக்கூடத்தில் சமாதானம் பற்றிக் கட்டுரை எழுதி, அதில் புறாவெல்லாம் பறக்கவிட்டுப் பரிசும் வாங்கியவள் நான். வீட்டில் படலை தாண்ட வழியில்லை!

ஒரு சனிக்கிழமை காலை அப்பா குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து நழுவினேன். தோழிகளோடு சல்லிக் கடலில் குளிக்கச் சைக்கிள் பயணம். சாம்பல்தீவுக்குக் கிட்டப் போகும்போது பின்னால் ஓட்டோ ஒன்று விடாமல் ஹோர்ன் அடித்தது. திரும்பினால், ஈரத்தலையும் இடுப்பில் சாரமுமாக அப்பா. வெளியே நீட்டிய கையில் என் அட்டை. தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இப்ப ஆர் அப்பா ஐசி கேக்கினம்?" என்று நடுறோட்டில் கத்தினேன்.

"கேட்டால்? உன்ர வயசில நானும் சல்லிக்குக் குளிக்கத்தான் வந்தனான். ஐசி மற்றச் சேட்டுப் பொக்கற்றுக்க. காலமை றோட்டில ஆமிக்காரர் பிடிச்சவங்கள், பொழுதுபடத்தான் விட்டவங்கள்."

அதன்பிறகு அவர் கடலில் இறங்கவே இல்லையாம். திருகோணமலையில் பிறந்த மனிதர்! என் கோபம் போன இடம் தெரியவில்லை. பிடிவாதம் மட்டும் போகவில்லை. இவரைக் கடலில் நீந்த வைக்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன்.

அடுத்த ஞாயிறு கெஞ்சியும் மிரட்டியும் கூட்டிப்போனேன். அட்டையைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சாரத்து மடிக்குள் செருகிக்கொண்டு இறங்கினார். ஒரு கை இடுப்பை விட்டு எடுபடவில்லை. ஒற்றைக் கையால் எப்படி நீந்துவது? முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டுக் கரையேறினார். நாலு ஞாயிறு இப்படியே போனது. கரைவலை இழுப்பவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

ஐந்தாம் ஞாயிறு, என்னோடு கதைத்துக்கொண்டே இடுப்பளவு தண்ணீர் வரை வந்துவிட்ட அப்பா திடீரென்று நின்றார். மடியைத் தடவினார். பை இல்லை.

"பிள்ளை, மேசையில வைச்சிட்டு வந்திட்டன்."

முகம் வெளிறிவிட்டது. கண் றோட்டுக்குப் போனது. நானும் பார்த்தேன். மீன்பெட்டி கட்டிய சைக்கிள் ஒன்று போனது. அம்மன் கோயிலுக்கு ஒரு குடும்பம் நடந்து போனது. வேறொன்றும் இல்லை.

"வீட்டை போவமே அப்பா?"

கேட்டுவிட்டேனே தவிர, எனக்குத் திரும்ப மனமில்லை. இன்று திரும்பினால் இனி அவர் வரவே மாட்டார்.

அவர் றோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாரத்தை இறுக்கிக் கட்டினார்.

"வந்தது வந்திட்டம்" என்றவர் முன்னால் பாய்ந்தார். இரண்டு கைகளையும் வீசி, வள்ளங்கள் கட்டியிருந்த இடம் வரைக்கும் போனார். அப்படி நீந்துவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. நான் பின்னால் கலைத்துக்கொண்டு போயும் பிடிக்க ஏலவில்லை. வலைக்காரர்கள் விசிலடித்தார்கள். நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

அதற்கடுத்த ஞாயிறு படலையில் நான் முந்திக்கொண்டேன்.

"ஐசி எடுத்தனீங்களோ அப்பா?"

"கடலுக்கு என்னத்துக்கு?" என்று சைக்கிளை உருட்டிக்கொண்டு எனக்கு முன்னால் வெளியே போனார்.