பளிங்குக் கைப்பிடியில் கொட்டின ஆரத்தி

யார் மேல கோபப்படறதுன்னு அன்னிக்கு எனக்குத் தெரியலை. இன்னிக்கும் தெரியலைன்னே வெச்சுக்கோங்க.

அமெரிக்காவுல, பிரிட்ஜ்வாட்டர்ல எங்க வீட்டுலேர்ந்து கொஞ்ச தூரம் டிரைவ் பண்ணினா, அந்தக் காலத்துப் பணக்காரர் ஒருத்தரோட மாளிகை வரும். மாளிகையை விடுங்க, தோட்டம்தான் விசேஷம். அடுக்கடுக்கா இறங்குற புல்வெளி, ஒவ்வொரு அடுக்குக்கும் கல் சுவர், அது மேல குட்டிக் குட்டித் தூண் வெச்ச வெள்ளைப் பளிங்குக் கைப்பிடி. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சாம். கல்யாணம்னா இங்கதான்னு ஸ்கூல் படிக்கிறப்பவே என் பொண்ணு முடிவு பண்ணிட்டா. அக்டோபருக்கு இடமும் கிடைச்சுது. சுவருக்கோ கைப்பிடிக்கோ ஏதாவது ஆச்சுன்னா அனுமதி கேன்சல், அது ஒண்ணுதான் கண்டிஷன்.

மே மாசம் நிச்சயதார்த்தத்தையும் அங்கயே வெச்சோம். கோயமுத்தூர்லேர்ந்து வந்திருந்த என் நாத்தனார் ஜோடிக்கு ஆரத்தி எடுத்தாங்க. எடுத்து முடிச்சுட்டு, தட்டும் கையுமா திருதிருன்னு முழிச்சாங்க. ஆரத்தித் தண்ணியை யார் காலும் படாத இடத்துல கொட்டணும். வீடுன்னா வாசல் ஓரமா ஊத்திடுவோம். இங்க வாசலுக்கு எங்க போறது? புல்லுல குழந்தைங்க ஓடுது, பாதையில ஊரே நடக்குது. கால் படாத இடம்னு அவங்க கண்ணுல பட்டது அந்தக் கைப்பிடி ஒண்ணுதான். நான் அண்ணின்னு கூப்பிடறதுக்குள்ள, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த தண்ணி பளிங்குல சிவப்பா வழிஞ்சுது.

நாத்தனாரே பதறிட்டாங்க. திருஷ்டி சுத்த வெச்சிருந்த எலுமிச்சம்பழத்தை நகத்தால கிழிச்சு, கறை மேல தேய்க்க ஆரம்பிச்சாங்க. பித்தளை விளக்குக்கு அது சரி, பளிங்குக்கு? தோட்டத்தைப் பார்த்துக்கிற அமெரிக்கக்கார அம்மா ஓடி வந்து நிறுத்தினாங்க. மஞ்சளாவது வெயில்ல போயிடும், எலுமிச்சை கல்லையே அரிச்சிடும்னாங்க. தேய்ச்ச இடம் அதுக்குள்ள பளபளப்பு போய் மங்கியிருந்துது. யார் பண்ணினதுன்னு கேட்டாங்க.

என் பொண்ணு முன்னாடி வந்து நின்னா. "ஐ டிட் இட்."

அக்டோபர்ல இங்க கல்யாணம் நடத்த முடியாதுன்னு, ரொம்ப மரியாதையாவே சொல்லிட்டுப் போனாங்க அந்த அம்மா.

எனக்கு ஒண்ணுமே புரியலை. என் பொண்ணு வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, வெளியூர்லேர்ந்து வந்த பெரியவங்க, தெரியாம பண்ணிட்டாங்கன்னு கெஞ்சியிருக்கலாம். இவ எதுக்கு இழுத்துத் தலையில போட்டுக்கிட்டா? அத்தை மானத்தைக் காப்பாத்தவா, இல்ல எங்களை நினைச்சு வெட்கமா? பெத்தவ எனக்கே தெரியலை.

திரும்பி வரப்போ அவதான் டிரைவ் பண்ணினா. பின் சீட்ல நாத்தனார் மடியில அந்தத் தட்டு. இங்கிலீஷ் புரியலைன்னாலும் மூஞ்சியைப் பார்த்தா தெரியாதா? தன்னை மாட்டிவிட்டுட்டாளான்னு மெதுவா என்னைக் கேட்டாங்க. இல்லை அண்ணி, தான் கொட்டினதாச் சொல்லிட்டா, இடமும் போச்சுன்னேன். அவங்க புடவைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டாங்க.

நான் தமிழ்ல எது கேட்டாலும் இங்கிலீஷ்லயே பதில் சொல்ற என் பொண்ணு, ரோட்டைப் பார்த்துக்கிட்டே தட்டுத் தடுமாறித் தமிழ்ல சொன்னா.

"எனக்கு எடுத்த ஆரத்திதானே அத்தை. அப்போ நான் கொட்டின மாதிரிதான்."