செவலைக் கோழி கூவிய வருசம்

சமயநல்லூரிலிருந்து வாடிப்பட்டி வரைக்கும் எந்த வீட்டில் போய்க் கேட்டாலும், கோழிக்காரர் கருத்தக்கண்ணனைத் தெரியாதவர் கிடையாது. மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். தலையில் கூடையைச் சுமந்து மதுரைக்கு நடந்தே போய்க் கோழி விற்றார். பிறகு சைக்கிள் வாங்கினார். அதுக்கும் பிறகு ஓட்டு வீடு கட்டினார், கிணற்றோடு தோட்டம் வாங்கினார். ஒருத்தரும் கைதூக்கி விட்டதில்லை. கோழியைக் கையில் வாங்கிய மாத்திரத்தில் அதன் வயசையும் குணத்தையும் சொல்லிவிடுவார். அப்படிச் சொல்ல இந்தத் தாலுகாவில் இன்னொரு ஆள் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. இதில் ஒரு சொல் கூடுதல் கிடையாது.

அப்பேர்ப்பட்ட மனுசருக்கே விளங்காத காரியம் ஒன்று அவர் வீட்டுக் கொல்லையிலேயே நடந்தது. லண்டனில் புது ராஜாவுக்கு முடிசூட்டிய வருசம் அது.

அவரிடம் ஒரு செவலைக் கோழி இருந்தது. ஊரில் பாதிக் கோழி அதன் வம்சம். ஒருதரம் குஞ்சைத் தூக்க வந்த பருந்தை எதிர்த்துப் பறந்து, அதன் நெஞ்சில் காலால் அறைந்து விரட்டியிருக்கிறது. அடைமழையில் குஞ்சுகளைச் சிறகுக்குள் வாரிப் போட்டுக்கொண்டு, தான் மட்டும் நனைந்து குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறது. "பிள்ளை வளர்க்கிறது எப்பிடின்னு செவலைகிட்டக் கத்துக்கிரணும்" என்று அவர் மனைவி சின்னத்தாயே சொல்லுவாள்.

அந்தச் செவலை முட்டையிடுவதை நிறுத்தியது. கிட்டே போனால் கையைக் கொத்தியது.

"அடை விழுந்திருச்சு," என்றார் கருத்தக்கண்ணன். அடைகாக்கும் ஆசை வந்துவிட்ட கோழி முட்டை போடாது. அதைக் கலைக்க நம் பக்கத்தில் ஒரு வைத்தியம் உண்டு. கோழியின் இறகு ஒன்றைப் பிடுங்கி அதன் மூக்கிலேயே குறுக்கே சொருகுவார்கள். தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். அவர் இரண்டையும் செய்தார்.

"அடைக்கோழின்னா கூட்டை விட்டு எந்திரிக்காது. இது தெருத்தெருவா சுத்திக்கிட்டு வருதே," என்றாள் சின்னத்தாய்.

"எனக்குத் தெரியாத அடையா? நீ போயி உலையைப் பாரு."

மறுபடியும் முக்கினார். செவலை உதறிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுச் சேவலோடு சண்டைக்கு நின்றது. மழைக்காலத்தில் பழைய இறகெல்லாம் உதிர்ந்து புதுசு முளைத்தது. வாலில் முளைத்த இறகு அரிவாள் மாதிரி வளைந்து மினுங்கியது. கொண்டை தடித்துச் செம்பருத்தியாகச் சிவந்தது. காலில் முள் நீண்டது. வழியில் குஞ்சுகள் எதிர்ப்பட்டால் ஏதோ கூழாங்கல்லைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு நடந்தது. ஒருநாள் காலையில் கருத்தக்கண்ணன் பல் விளக்கிக்கொண்டிருக்கையில், குட்டிச்சுவரில் ஏறி நின்று, கழுத்தை நீட்டி, உடைந்த குரலில் கூவியது. வேப்பங்குச்சி அவர் வாயிலிருந்து தானாக விழுந்தது.

பெட்டைக்கோழி கூவினால் அந்த வீட்டில் ஒரு உயிர் போகும் என்பது ஊர் நம்பிக்கை. கூவிய அன்றே கழுத்தைத் திருகி எல்லைக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டு, தலைமுழுகி வருவார்கள். அதை வேறு யார் வீட்டுக் கோழியாவது செய்திருந்தால் கருத்தக்கண்ணனே முதல் ஆளாகப் போய்த் திருகியிருப்பார். இது செவலை. அதைவிட, என்ன ஏது என்று தெரியாமல் கொல்ல அவர் மனசு ஒப்பவில்லை. கோழி சங்கதியில் தனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது என்பதே அவருக்கு நெருஞ்சியாய்க் குத்தியது.

ஆனால் அந்த வீட்டில் அப்போது நிறைமாத வயிறு ஒன்று இருந்தது. மகள் தங்கப்பொண்ணு பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். முதலில் உண்டான கரு தங்காமல் போய், இரண்டாவது தரம் உண்டாகியிருந்தாள். செய்தி காற்றில் போனது. பொழுது சாய்வதற்குள் அவள் மாமனார் நல்லகாமன் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"சம்பந்தி, கோழியா பிள்ளையா, ரெண்டுல ஒண்ணைச் சொல்லும். அதைத் திருகிப் போட்டா என் மருமக இங்க இருக்கட்டும். இல்லையா, இப்பவே கூட்டிட்டுப் போறேன்."

"நிறை வயித்துப் பிள்ளையை இம்புட்டுத் தூரம் வண்டியில ஆட்டிக்கிட்டா?"

"எமனுக்குப் பக்கத்துல படுக்கப் போடுறதுக்கு அது தேவலை."

கதவோரம் நின்ற தங்கப்பொண்ணு அப்பனைப் பார்த்தாள். "ஐயா, அது என்னையச் சொல்லித்தான் கூவுதுன்னு அம்மா அழுகுது. அதைக் கொன்னுருங்கய்யா."

அந்தச் சொல்தான் அவரை உலுக்கியது. "நாளைக்கு ஒருநாள் குடு தாயி," என்றார். நல்லகாமனும் ஒரு நாள்தானே என்று, மாட்டை அவிழ்த்துக் கட்டினார்.

விடிந்ததும் செவலையைக் கூடையில் வைத்துச் சைக்கிளில் கட்டி, மதுரை மாட்டாஸ்பத்திரிக்கு மிதித்தார். சென்னைப் பட்டணத்தில் படித்துவிட்டு வந்த சின்ன வயசு டாக்டர் ஒருவர் இருந்தார். கூடையைத் திறந்து பார்த்தவர், கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"இது முட்டை போட்ட கோழியா? நல்லாத் தெரியுமா?"

"என் வீடே இது போட்ட முட்டைதாங்க."

டாக்டர் கோழியின் அடிவயிற்றை அமுக்கிப் பார்த்தார். "கோழி அறுக்குறப்பப் பாத்திருப்பீங்க. முட்டைக்கொத்து எந்தப் பக்கம் இருக்கும்?"

"இடது பக்கம்."

"வலது பக்கம்?"

கருத்தக்கண்ணன் எத்தனையோ கோழி அறுத்தவர், அந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொண்டதில்லை. "அங்க ஒண்ணுமில்லைங்களே."

"ஒண்ணுமில்லாம இல்ல. சின்னத் துணுக்கு ஒண்ணு பொறந்ததுலருந்தே தூங்கிக்கிட்டுக் கிடக்கு. இடப்பக்கத்துக் கொத்துலருந்து பெட்டைக்குரிய சாறு ரத்தத்துல கலக்குற வரைக்கும் அது எந்திரிக்காது. இதுக்கு இடப்பக்கம் நோவு கண்டு கெட்டிருக்கணும். பெட்டைச் சாறு வத்திப்போச்சு. தூங்கினது முழிச்சுக்கிட்டு சேவல் சாறை ஊற வைக்குது. சீமையிலயும் இப்பிடி ஆயிருக்குன்னு படிச்சிருக்கேன். கண்ணால பாக்குறது இன்னைக்குத்தான்."

"கொண்டை சரிங்க, முள்ளும் சரி. கூவுறதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"அதே சாறு மூளைக்கும் போகுதே. கூவுறது, சண்டைக்கு நிக்கிறது எல்லாம் மூளைக்குள்ள விதையாக் கிடக்கு. எந்தத் தண்ணி பாயுதோ அந்த விதை முளைக்கும்."

"அடை விழுறது?"

"அது வேற சாறு. மூளைக்கு அடியில கடுகளவு சுரப்பி ஒண்ணு இருக்கு. அதுலருந்து ஊறினா முட்டை மேல உக்காரச் சொல்லும், குஞ்சைக் காக்கச் சொல்லும். வத்தினா, எல்லாம் மறந்துரும்."

கூழாங்கல்லைப் பார்ப்பது போல் குஞ்சுகளைப் பார்த்த அந்தப் பார்வை அவர் ஞாபகத்துக்கு வந்தது. பருந்தின் நெஞ்சில் அறைந்தது ஒரு சொட்டுச் சாறா? "மனுசருக்கும் உண்டுங்களா?"

"அந்தச் சுரப்பி மனுசருக்கும் உண்டு. பிள்ளை பெத்தவளுக்குப் பால் ஊறுறது அதனாலதான்."

"அப்ப, பாசங்கிறதே சாறுதானா?"

டாக்டர் சிரித்தார். "நான் படிச்சது மாடு கோழி மட்டுக்குந்தான்."

திரும்பி வருகையில் கருத்தக்கண்ணனுக்கு மிதிக்க முடியவில்லை. ஒரு கண்மாய்க் கரையில் சைக்கிளைச் சாத்திவிட்டு, செவலையை எடுத்து அதன் நெஞ்சில் காதை வைத்தார். அதன் உயிர் குடுகுடுவென ஓடிக்கொண்டிருந்தது. கருவேல மரத்தில் கொக்குகள் சுள்ளி கொண்டுவந்து அடுக்கிக்கொண்டிருந்தன. தூக்கணாங்குருவி ஒன்று ஈச்சங்கீற்றைக் கிழித்துத் தொங்கத் தொங்கப் பின்னியது. இத்தனைக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத சொட்டு ஒன்று போய், கட்டு என்கிறது, பாடு என்கிறது, காத்திரு என்கிறது. ஊரையே விலைபேசத் தெரிந்தவன் என்று மார்தட்டிய மனுசர், கொக்குக்கும் குருவிக்கும் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து, நல்லகாமனும் கேட்டுக்கொண்டிருக்க, மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் பயந்து பயந்துதான் செவலையை மடியில் வாங்கினாள். விரல் அதன் அடிவயிற்றில் நின்றது.

"கட்டி மாதிரி தட்டுதே ஐயா."

"அதான் தாயி நோவு. உள்ள கெட்டுப்போனதுக்கு அது பண்ணுற போராட்டந்தான் இந்தக் கூவலு."

அவள் செவலையின் இறகைத் தடவிக்கொடுத்தாள். அப்புறம் மாமனாரை நிமிர்ந்து பார்த்தாள். "மாமா, நான் இங்கயே இருக்கேன். இது நோவாளி. இதைக் கொல்லவும் வேண்டாம்."

"போன தடவை என்னாச்சுன்னு மறந்துபோச்சா?" என்றார் நல்லகாமன்.

"போன தடவை எந்தக் கோழியும் கூவலையே மாமா."

நல்லகாமனுக்கு முகம் கறுத்துவிட்டது. "பிள்ளையைப் பாக்க என்னைய எதிர்பாக்காதீக," என்று சொல்லி மாட்டைப் பூட்டினார். வண்டி தெருமுனை திரும்பும் வரைக்கும் சின்னத்தாய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

வீம்பாக நின்றுவிட்டாரே தவிர, கருத்தக்கண்ணனுக்கு உள்ளுக்குள் உதறல்தான். டாக்டர் சொன்னதை முழுசாக நம்பினார். செவலை கூவும்போது மட்டும் அந்த நம்பிக்கை நழுவும். வலி கண்ட அன்று காலையில் அது விடாமல் கூவியது. அவர் கிணற்றடிக்குப் போனார், வந்தார், மறுபடி போனார். அருவாமனை சுவரோரம் சாத்தியிருந்தது. ஒருதரம் அதைக் கையிலும் எடுத்துவிட்டார். "நோவாளி" என்ற மகளின் சொல் காதில் கேட்டது. எடுத்த இடத்திலேயே வைத்தார்.

உச்சிவெயிலில் மருத்துவச்சி மலையம்மாள் வெளியே வந்தாள். "பேத்தி பொறந்திருக்கா. ஆத்தாளும் மகளும் சௌக்கியம். போயிக் கருப்பட்டி வாங்கியாங்க, சும்மா நின்னுக்கிட்டு."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடினார்.

பால் கட்டிக்கொண்டு இறங்கவில்லையே என்று பெண்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மூணாம் நாள் மலையம்மாள் பிள்ளையைக் குளிப்பாட்டக் கொல்லைக்குத் தூக்கிப் போனாள். தண்ணீர் பட்டதும் பிள்ளை வீறிட்டது. உள்ளறையிலிருந்து தங்கப்பொண்ணுவின் குரல் வந்தது: "அம்மா, அழுத சத்தம் கேட்டதுமே சேலையெல்லாம் நனைஞ்சுபோச்சு." வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்த கருத்தக்கண்ணனின் கை நின்றது. யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. சத்தம் காதுக்குள் போயிருக்கிறது, எங்கேயோ ஒரு சொட்டு ஊறியிருக்கிறது, பால் வந்துவிட்டது. அவருக்கு ரோமம் சிலிர்த்தது. தன் தாடையிலும் மார்பிலும் ஓடும் ரத்தத்தில் இன்னும் என்னென்ன கட்டளை ஓடுகிறதோ என்று, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சில நாள் கழித்து நல்லகாமனின் வண்டி தெருவில் நின்றது. அவர் வீட்டுக்குள் போகவில்லை. நேரே கொல்லைக்குப் போனார்.

"இன்னும் கூவுதா?"

"கூவுது சம்பந்தி."

பாயில் காய்ந்த கம்புத் தானியத்தை ஒரு கை அள்ளி நல்லகாமன் செவலைக்கு முன்னால் விசிறினார். செவலை ஒரு மணியைக் கொத்தித் தூக்கியது, கீழே போட்டது. மறுபடி தூக்கிப் போட்டது. தொண்டைக்குள்ளிருந்து கொக்கொக்கென்று ஒரு அழைப்பு. பெட்டைகள் ஓடிவந்து மொய்த்துத் தின்றன. அது தின்னாமல் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டு காவல் நின்றது.

"திங்கலையே," என்றார் நல்லகாமன்.

"சேவல் அப்பிடித்தான். கூப்பிட்டுத் திங்கவிட்டுட்டு நிக்கும்."

"ஒரு சொட்டுச் சாறா இம்புட்டும் பண்ணுது?"

"ஒரு சொட்டு."

"எம் மகனுக்கு அதுல கொஞ்சம் ஊறினாத் தேவலை. சோத்தைக் கண்டா அவன் யாரையும் கூப்பிட மாட்டான்."

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. தானியம் தீரும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். நல்லகாமன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கையைக் கழுவணும் சம்பந்தி. தண்ணி எங்க இருக்கு? கோழிக்குத் தீனி அள்ளின கையோட பேத்தியைத் தூக்கக் கூடாதுல்ல."