கடைசி அத்தியாயத்தை முதலில் படித்த அக்கா

நினைவு மலர் என்றால் பிறந்த ஊரில்தான் தொடங்க வேண்டும். அக்கா அதற்கு இடம் கொடுக்காமல் போய்விட்டார். படுக்கையில் கிடந்தபோது என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நான் போனதும் நீ ஏதாச்சும் எழுதுவ. ஆகா ஓகோன்னு ஆரம்பிக்காத. தங்கம்மா கால் விஷயத்த முதல்ல சொல்லிடு," என்றார். சொல்லிவிடுகிறேன். அண்டை வீட்டுத் தங்கம்மாளின் வலது கால் போனதற்குத் தாமே காரணம் என்று அக்கா கடைசிவரை குமைந்தார். தங்கம்மாளின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர் அக்கா. தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படிப்பு. கல்யாணமாகி காஜா பெராங் வந்தவர், அத்தான் சீக்கிரமே தவறிவிட, ஒரு தையல் மிஷினை நம்பி என்னையும் அழைத்துவந்து படிக்க வைத்தார். மெட்ராஸிலிருந்து கப்பலில் புதுப் புத்தகம் வந்தால் ஜாலான் பெண்டஹாரா தெருப் புத்தகக் கடைக்காரர் முதலில் அக்காவுக்குத்தான் சொல்லி அனுப்புவார். கதைப் புத்தகம் அக்காவுக்கு ஆகாது. கடல், நட்சத்திரம், தேனீ, மனித உடம்பு என்று இருக்க வேண்டும். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் பாடு திண்டாட்டம்! கையைத் தூக்கி நிற்பவரிடம் திமிங்கிலம் குட்டிக்குப் பால் கொடுப்பதைச் சொல்லி, பாதியில் நிறுத்திவிடுவார். "மிச்சத்த நீயே படிலா." தைத்த ரவிக்கையோடு புத்தகமும் கூடவே போகும். தெங்கேராவிலிருந்தெல்லாம் வந்தார்கள். உண்மையைச் சொன்னால், தையல் சுமார்தான்.

முழுக்கப் படிக்காத புத்தகத்தை அக்கா யாருக்கும் சொல்ல மாட்டார். இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம் அது ஒருமுறை தவறியது. கொண்டாட்டத்துக்கென்று தையல் குவிந்து கிடந்தது. பட்டினியால் உடம்பைச் சீராக்கலாம் என்று சொல்லும் ஒரு புதுப் புத்தகத்தைப் பாதிதான் படித்திருந்தார். தங்கம்மாளுக்குச் சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். "ஊசி போட்டுப் போட்டு வெறுத்துப் போச்சு," என்று அவர் அலுத்துக்கொள்ள, "இதப் படிச்சுப் பாரு, எவ்ளோ அழகா எழுதியிருக்காங்க," என்று அக்கா நீட்டிவிட்டார். தங்கம்மாள் ஊசியை நிறுத்திப் பட்டினி கிடந்தார். மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது புண் முற்றியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சர்க்கரை உள்ளவர்கள் இதைச் செய்யவே கூடாது என்று அந்தப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் போட்டிருந்தது.

தங்கம்மாளும் கடைசிவரை படித்திருக்கலாமே என்று நான் சமாதானம் சொன்னேன். "அவ என்னைய நம்பித்தானடா செஞ்சா," என்று தலையில் அடித்துக்கொண்டார் அக்கா.

அதன்பின் எந்தப் புத்தகம் வந்தாலும் கடைசி அத்தியாயம்தான் முதலில். இது யாருக்கு ஆகாது என்று தேடுவார், நட்சத்திரப் புத்தகத்தில்கூட! வெள்ளிக்கிழமைதோறும் தங்கம்மாள் வீட்டுக்குப் போய் ஒரு புதுப் புத்தகத்தை வாசித்துக் காட்டுவார், ஒரு பக்கம் விடாமல். கிளம்பும்போது, "என்னை மன்னிச்சிட்டியா தங்கம்மா?" என்பார். "நேரமாச்சு, நீ போலா," என்பதுதான் பதில். வீட்டுக்கு வந்து மிஷின்முன் உட்கார்ந்து அழுவார். எனக்குத் தங்கம்மாள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

இருதயம் பலவீனமாகிப் படுத்த அக்கா எழவேயில்லை. கருமாதியன்று தங்கம்மாள் கோலூன்றி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியிலயே மன்னிச்சிட்டேன் தம்பி. சொல்லிட்டா வெள்ளிக்கிழமை வராம இருந்துடுவாளோன்னு பயம். அதான் வாயத் தொறக்கல. பாவி நான்."

சொல்லியிருந்தாலும் அக்கா வந்திருப்பார் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும், இரவுபகல் பாராமல் உடனிருந்த காஜா பெராங் அண்டை வீட்டாருக்கும், படுக்கைவரை புத்தகம் கொண்டுவந்து கொடுத்த கடைக்காரருக்கும் எங்கள் நன்றி. அக்கா பாதியில் விட்ட தேனீப் புத்தகத்தை வெள்ளிக்கிழமைகளில் நான்தான் இப்போது தங்கம்மாளுக்கு வாசிக்கிறேன். நான் கிளம்ப எழுந்திருக்கும்போதெல்லாம் அவர் கேட்கிறார்: "எம்மேல கோவம் இல்லியே தம்பி?"

இல்லை என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.