மேலேயிருந்து வந்த கடிதம்

கிங்ஸ்பரியில் எங்கள் மேல்வீட்டில் இருந்த அண்ணைக்கு நான்தான் ஆஸ்தான எழுத்தர். பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தவர், ஆங்கிலம் சமாளிப்பார், எழுத வராது. கவுன்சில் படிவம் முதல் பல் வைத்தியரின் கடிதம் வரை எல்லாம் என்னிடம்தான் வரும். நானும் பெரிய மனுசன் போலக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்காருவேன்.

அவருடைய மனைவி வவுனியாவில் இருந்தார். கலியாணம் முடிந்து ஐந்து வருடம். விசா இரண்டு தரம் மறுக்கப்பட்டுவிட்டது. அண்ணையின் சம்பளம் போதாதாம். கொஞ்சம் கூடுதலாகச் சம்பாதிக்கிறவரிடம் அதே பெண் வந்தால் நாட்டுக்கு ஒரு கேடும் இல்லை, பெற்றோல் நிலையக்காரனிடம் வந்தால்தான் நாடு தாங்காது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

மற்றக் கட்சி வந்தால் மாறும் என்று அவருக்குச் சொன்னவன் நான். இரண்டு பேரும் ஒன்றாகப் போய் வாக்குப் போட்டோம். மற்றக் கட்சி வந்தது. அண்ணைக்கு ஒன்றும் மாறவில்லை. தேர்தலுக்கு முன் கோயிலில் சால்வை போர்த்திக்கொண்டு வணக்கம் சொன்ன எம்பியை, அவர் தொகுதி மக்களிடம் குறை கேட்கிற நாளில், நூலகத்தில் போய்ச் சந்தித்தோம். தலையைச் சாய்த்துக் கேட்டார், அமைச்சுக்கு எழுதினார். அமைச்சு அதே மறுப்பை இன்னும் மரியாதையாக எழுதி அனுப்பியது.

அதற்குப் பிறகுதான் இந்த நாட்டு அரசருக்கே எழுதுவோம் என்றார் அண்ணை. எனக்குச் சிரிப்பு வந்தது. அரசர் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுப்பார், அமைச்சர்கள் எழுதிக்கொடுத்த உரையை வாசிப்பார், அவ்வளவுதான் என்று விளக்கினேன்.

“அப்ப நான் பிரஜாவுரிமை எடுக்கேக்கை ஏன் தம்பி ராசாவின்ரை பேரிலை சத்தியம் செய்ய வைச்சவை? கட்சிக்காரற்றை பேரிலை இல்லையே.”

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். எழுதிக் கொடுத்தேன்.

சில கிழமைகளில் பதில் வந்தது. நல்ல தடித்த தாள், உச்சியில் மணிமுடிச் சின்னம். அரசர் அமைச்சர்களின் ஆலோசனைப்படி நடப்பவர், தாமாகத் தலையிட முடியாது, ஆகவே இந்தக் கடிதம் உள்துறை அமைச்சுக்கு அனுப்பப்படுகிறது என்று இருந்தது. அதாவது, மறுத்தவர்களிடமே. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே சாமியே பூசாரியைக் கேள் என்று எழுதிவிட்டது.

வரி வரியாகத் தமிழில் சொன்னேன். அண்ணை கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டார். அவர் ஊரில் கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்கு, அலைந்து பழகியவர். அங்கே அரசாங்க அதிபர் ஒரு மனுவைக் கீழே அனுப்பிவிட்டால் காரியம் முடிந்த மாதிரி. கீழே இருக்கிற உத்தியோகத்தர் அதைச் செய்தே ஆகவேண்டும்.

“மேலையிருந்து கீழை அனுப்பிப்போட்டார்,” என்றார். கண் கலங்கிவிட்டது. அப்படியில்லை அண்ணை என்று நான் தொடங்குவதற்குள் வவுனியாவுக்குப் போன் எடுத்து, ராசா சொல்லிப்போட்டார் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு போனை என்னிடம் நீட்டினார். விசயம் தெரிந்தவன் நான்தானே.

நான் அந்த அக்காவை நேரில் கண்டதில்லை. குரலில் அழுகையும் சிரிப்பும் கலந்து கிடந்தது.

“தம்பி, குளிர்ச் சட்டை இஞ்சை வாங்கிக்கொண்டு வரவோ, அங்கை வந்து வாங்கலாமோ?”

அண்ணை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இஞ்சை வந்து வாங்கலாம், அக்கா,” என்றேன்.